யதுஷாவின் அக்கா

“கழட்டு. இப்பவே கழட்டு.”

“அக்கா, நான் சொல்லுறதை ஒருக்கா...”

“என்ர அலுமாரிய ஆர் திறக்கச் சொன்னது? நான் குளிக்கப் போன நேரம் பாத்து...”

“போன கிழமையே கேட்டனான். நீ போனைப் பாத்துக்கொண்டு ஓம் ஓம் எண்டு தலையாட்டினனீ...”

“எதுக்கு ஓம் எண்டனான்? இதுக்கா ஓம் எண்டனான்?”

“சத்தம் போடாத, அம்மாக்குக் கேக்கும்!”

அம்மாவுக்கு எங்கே கேட்கப்போகிறது. குசினியில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றின் நாலாம் மாடி வீடு அது. ஓர் அறையில் இரண்டு கட்டில் போட்டுப் படுக்கும் அக்காவும் தங்கையும் சண்டை பிடிப்பதென்றால் மிக்ஸி ஓடும் நேரமோ ரயில் போகும் நேரமோதான் தோது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் பிடித்துப் பழகியிருந்தார்கள்.

சண்டைக்குக் காரணம் ஒரு கறுப்பு ரீசேட். நெஞ்சில் ஒரு நனைந்த தீப்பெட்டியின் படம் போட்டது. கொட்டாஞ்சேனைப் பொடியன்கள் நாலுபேர் சேர்ந்து ‘ஈரத் தீப்பெட்டி’ என்றொரு ரொக் இசைக் குழு நடத்துகிறார்கள். பாட்டு, மெட்டு, மேடைச் செலவு எல்லாம் அவர்களுடையதே. எந்தக் கம்பனியும் பின்னுக்கு இல்லை. அவர்கள் முதன்முதல் அச்சடித்த ரீசேட் அது. துவைத்துத் துவைத்துப் படத்தில் வெடிப்பு விழுந்துவிட்டது. ஆனாலும் அனுஷியா அதைத் தன் கலியாணத்துக்கென்று அம்மா வாங்கி வைத்திருக்கும் கூறைச் சேலைக்குப் பக்கத்தில்தான் மடித்து வைப்பாள். அதைத்தான் இப்போது யதுஷா போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறாள். அவளுக்குக் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. அப்படி இருந்தும் வடிவாக இருந்தது. அது அனுஷியாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“உனக்கென்னத்துக்கு இது? நீ வாறதே எனக்குத் துணைக்கு.”

“மேடையில நிக்கிற ஆக்கள் கறுப்புப் போட வேணுமாம்.”

மிக்ஸி நின்றது.

“எந்த மேடை?” அனுஷியாவின் குரல் தானாக இறங்கிவிட்டது.

யதுஷா கதவைப் பார்த்தாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் இருந்துகொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னாள்: “அந்தப் புதுப் பாட்டில ஒரு பொம்பிளைக் குரல் வருகுதெல்லோ. அது நான்தான் அக்கா.”

அனுஷியாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது காது இரண்டும் சுட்டது. புதுப் பாட்டு வந்து இரண்டு கிழமைதான். அதில் குழுவின் பாடகன் நிரோஷன் பாடி முடிக்கும் இடத்தில், எங்கோ பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல ஒரு பெண் குரல் எழும்பும். பெயர் போடவில்லை. அந்தக் குரலை அனுஷியா பஸ்ஸில் கேட்டாள், வேலைக்குப் போகிற இன்சூரன்ஸ் கந்தோரில் கேட்டாள், இரவு போர்வைக்குள் கேட்டாள். கேட்கக் கேட்க அந்தப் பெண்ணின் மேல் வெறுப்பு வளர்ந்தது. பம்பலப்பிட்டியில் பெரிய வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருக்க வேண்டும், தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருக்க வேண்டும் என்றெல்லாம் அவளுக்கு ஒரு முகம் கூடச் செய்து வைத்திருந்தாள். “ஆரடி இவள்?” என்று பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக் கேட்டும் இருக்கிறாள். “ஆரோ,” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள் யதுஷா.

“அப்ப சனிக்கிழமையில கிளாஸெண்டு போறது?”

“கிளாஸ் இல்லை. வத்தளையில பிறக்டிஸ்.”

“நிரோஷன் உன்னை எப்பிடி...”

“நான் அவையின்ர பாட்டொண்டைப் பாடி இன்ஸ்டாவில போட்டனான். அவர் மெசேஜ் பண்ணினவர். அக்கா, அம்மாட்டச் சொல்லிப்போடாத. மேடையேறுறது எண்டு தெரிஞ்சால் என்னை இனி வாசல் தாண்ட விடமாட்டா. உனக்குத் தெரியும்தானே.”

தெரியும். மேடையேறிப் பாட்டுப் பாடுகிற பெட்டைக்கு எந்த வீட்டிலிருந்து சம்பந்தம் வரும் என்று அம்மா கேட்பாள். அப்பா போன பிறகு அம்மா போட்ட சட்டங்களில் ஒன்றுதான் இரவு நிகழ்ச்சிக்குத் தனியே போகக்கூடாதென்பதும். ஐந்து வருடத்துக்கு முதல் அனுஷியா இந்தக் குழுவைக் கண்டுபிடித்து, கேட்கப் போக வேண்டும் என்று நின்றபோது, “தங்கச்சியையும் கூட்டிக்கொண்டெண்டால் போ,” என்றாள் அம்மா. அன்றிலிருந்து யதுஷா துணை. அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. மூலையில் கதிரை போட்டு இருந்து, போன் வெளிச்சத்தில் சோதனைக்குப் படித்துக்கொண்டு, “எப்பக்கா முடியும்?” என்று கேட்டபடி இருப்பாள். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம் ஓட்டோ ஒன்றும் கிடைக்காமல், கரண்டும் இல்லாத ரோட்டில் இரண்டுபேரும் பம்பலப்பிட்டி வரைக்கும் நடந்து போனார்கள். அன்றைக்கு வந்திருந்த சனத்தை விடக் கதிரைகள் கூட. பொடியன்கள் மைக் இல்லாமல் பாடினார்கள். அனுஷியாவுக்கு அந்த இரவு கோயில் மாதிரி. யதுஷா வழி முழுக்கச் செருப்பு கடிக்கிறதென்று அழுதாள். ஒரு கோன் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்துத்தான் வாயை மூடவைக்க முடிந்தது.

அப்படிப்பட்டவள்.

“சொல்லமாட்டாய்தானே?”

அனுஷியா வேறொரு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ரீசேட்டைக் கழற்றச் சொல்லவும் இல்லை. வெளிக்கிட்டு வந்தபோது அம்மா சம்பல் கையோடு வாசலுக்கு வந்தாள்.

“அனு, தங்கச்சியை விட்டிட்டு அங்கால இங்கால போகாத. அவளைப் பாத்துக்கொள்.”

இத்தனை வருடமும் அம்மா இதைச் சின்னவளைப் பார்த்துத்தான் சொல்லுவாள். ‘அக்காவை விட்டிட்டுப் போகாத’ என்று. எப்போது மாறியது? அனுஷியாவுக்கு ஞாபகம் இல்லை.

ஓட்டோ காலி வீதி நெரிசலில் ஊர்ந்தது. யதுஷா முதலில் நகத்தைக் கடித்தாள். பிறகு வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தாள். பிறகு அக்காவின் கையைப் பிடித்தாள். அனுஷியா கையை எடுத்து பேக்கின் சிப்பைத் திறந்து மூடினாள்.

“நீ ஏன் ஒண்டும் கதைக்கிறாயில்லை?”

“என்னத்தைக் கதைக்க?”

“சந்தோசப்படுவாய் எண்டு நினைச்சனான்.”

“ஓம், சந்தோசம்தான்.”

“எனக்கு இந்தப் பாட்டெல்லாம் எப்பிடித் தெரியும் எண்டு நினைக்கிறாய்? நீ போட்டுப் போட்டுத்தானே. காது புளிச்சுப் போச்சு எனக்கு. நித்திரையில கேட்டாலும் பாடுவன்.”

அனுஷியா வெளியே பார்த்தாள். மூத்தவளைத்தான் அம்மா சங்கீத வகுப்புக்கு அனுப்பினாள். அம்மாவே ஊரில் படித்துச் சோதனை பாஸ் பண்ணினவள். மூன்றாம் தரத்தோடு ரீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளைக்குச் சுருதி நிற்குதில்லை, வீணாகக் காசைக் கரைக்காதேங்கோ என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு சின்னவளை எந்த வகுப்புக்கும் அனுப்பவில்லை. பாட வராது என்று ஆனபிறகு ஒரு மனுசிக்கு மிஞ்சுவது கேட்பதுதானே. சரி, கேட்பதிலாவது தன்னை ஒருவரும் வெல்ல முடியாது என்றுதான் அவள் இருந்தாள்.

கிராண்ட்பாஸில் ஒரு பழைய தேயிலைக் குடோனில் நிகழ்ச்சி. வாசலில் சனம் ரோட்டு வரைக்கும் நின்றது. இந்தப் பாட்டு வந்ததோடு குழுவின் பெயர் எல்லா இடமும் பரவிவிட்டிருந்தது. போன வருடம் வரைக்கும் பாட்டின் சொல்லொன்று தெரியாதவர்கள் எல்லாம் தீப்பெட்டிப் படம் போட்ட புது ரீசேட்டோடு நின்றார்கள். ‘நீங்களெல்லாம் எங்க இருந்தனீங்கள்?’ என்று ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்க வேண்டும்போல இருந்தது அனுஷியாவுக்கு.

நிரோஷன் வாசலுக்கே வந்துவிட்டான். யதுஷாவைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“எங்க போனீங்க நங்கி? சவுண்ட் பாக்கணும், கெதியா வாங்க!” என்று ‘தங்கச்சி’க்குச் சிங்களச் சொல் போட்டுக் கூப்பிட்டவன் அனுஷியாவைக் கண்டு, “அட, அக்காவும் வந்தீங்களா!” என்று சிரித்தான். பக்கத்தில் நின்ற புதுக் கிற்றார்க்காரனிடம் திரும்பி, “மச்சான், இவங்க யதுஷாட அக்கா,” என்றான்.

யதுஷாட அக்கா. ஐந்து வருடம் முன்வரிசையில், இடது பக்க ஸ்பீக்கரோடு ஒட்டி நின்றவள். இவர்களின் பாட்டுகளைச் சிங்களத்திலும் இங்கிலீசிலும் மொழிபெயர்த்துக் குழுவின் இணையப் பக்கத்தில் போட்டது அவள். கரண்ட் இல்லாத அந்த இரவில் இதே நிரோஷன் இறங்கி வந்து, “அக்கா, நீங்க ஒரு ஆள் வந்தாலும் நாங்க பாடுவோம்,” என்று சொன்னான். அந்த ஒரு வசனத்தை அவள் அன்றிலிருந்து வைத்துச் செலவழித்துக்கொண்டிருந்தாள்.

“நான் உள்ளுக்கு நிக்கிறன்,” என்றாள்.

அவளுடைய இடத்தில் வேறு யாரோ நின்றார்கள். பின்னுக்கு, ஒரு தூணோரம்தான் நிற்க இடம் கிடைத்தது. விளக்கு அணைந்தது. முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் சுற்றி நின்ற சனம் சொல்லுகளைக் கத்திப் பாடியதில் அவளுடைய வாய் தானாக மூடிக்கொண்டது. ட்ரம் அடி தூணுக்குள்ளால் ஏறி முதுகில் இடித்தது. போன் அதிர்ந்தது. அம்மா. வழமையான மெசேஜ்: ‘பிள்ளையள், ரெண்டுபேரும் பக்கத்தில பக்கத்திலதானே?’

ஓம் என்று அடிப்பதுதான் வழக்கம். அவள் அடிக்கவில்லை.

அந்தப் பாட்டு வந்தபோது ட்ரம் நின்றது. ஒற்றைக் கிற்றார் மட்டும். மேடையின் ஓரத்திலிருந்து யதுஷா வெளிச்சத்துக்குள் வந்து நின்றாள். மைக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். அனுஷியாவின் மனதுக்குள் ஒன்று, ‘பிழை விடட்டும்’ என்றது. ஒரு தரம், ஒரே ஒரு சொல்லில். யதுஷா கண்ணை மூடினாள். குரல் எழும்பியது. பிழை விடவில்லை. குடோன் முழுக்க ஒரு மூச்சு உள்ளே போய் நின்றது. சனம் கத்தியது.

அனுஷியா இயர்போனைக் காதில் மாட்டினாள். அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தாள். கமெராவை மேடைப் பக்கம் திருப்பினாள்.

“என்ன பிள்ளை? என்ன நடந்தது?”

“ஒண்டும் இல்லை அம்மா. பாருங்கோ. உங்கட மகளை நல்லாப் பாருங்கோ.”

அனுஷியா காத்திருந்தாள். அம்மாவின் கோபம் இப்படித்தான் வரும், முதலில் மூச்சு, பிறகு பெயர், பிறகு அப்பாவின் பெயர். இனிச் சனிக்கிழமை இல்லை. வத்தளை இல்லை. எல்லாம் பழையபடி அவளுக்கே ஆகிவிடும், மூலையில் கதிரை போட்டு ஒருத்தி இருப்பாள், எப்பக்கா முடியும் என்று கேட்பாள்.

“சுருதி என்ன மாதிரி நிக்குது பார்,” என்றாள் அம்மா.

அனுஷியா இயர்போனைக் காதுக்குள் இன்னும் அழுத்தினாள்.

“ஆரட்டப் பழகினவள்? அனு, முன்னுக்கு நிக்கிற பொடியன்ர தலை மறைக்குது. கையைக் கொஞ்சம் உயத்து.”

அனுஷியா கையை உயர்த்தினாள்.

“இன்னும்.”

குதிக்காலை எழுப்பி, இரண்டு கையாலும் போனைத் தலைக்கு மேலே பிடித்தாள். பாட்டுக்கு நடுவில் போனைத் தூக்கிப் பிடிப்பவர்களை எத்தனை தரம் திட்டியிருப்பாள். இப்போது பின்னாலிருந்து யாரோ, “போனை இறக்குங்க அக்கா, ஒண்ணும் தெரியல்ல,” என்று கத்தினார்கள். அவள் இறக்கவில்லை. தோள் நோக ஆரம்பித்தது. மேடையில் யதுஷா கண்ணைத் திறந்து சனத்துக்குள் யாரையோ தேடினாள். முன்வரிசையின் இடது பக்கம், ஸ்பீக்கரடி, அங்கேயே திரும்பத் திரும்பப் பார்த்தாள். தூணோரம் இருட்டு. அம்மா மூக்கை உறிஞ்சுவது காதுக்குள் கேட்டது. கூடவே மெல்லப் பாடுவதும் கேட்டது, சொல் தெரியாமல், மெட்டு மட்டும்.

பாட்டு முடிந்தது. கைதட்டல் அடங்கவில்லை. யதுஷா இன்னும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அனுஷியாவின் இரண்டு கையும் மேலே அப்படியே நின்றன.

“அனு,” என்றாள் அம்மா, “நீ எங்க பிள்ளை நிக்கிறாய்? உன்னைக் காணேல்லையே.”