ஒருமனதாக

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. தொழிற்சங்கங்கள் கூடி ஒரு கட்சியை எப்படிப் பெற்றெடுத்தன என்று கட்டுரைதான் எழுதிக்கொண்டிருந்தேன். 'பதினான்கு சங்கங்களும் சேர்ந்து, கட்சி தொடங்குவதென ஒருமனதாக' என்பது வரை வந்ததும் பேனா சண்டித்தனம் செய்தது. ஒரு மனமா? மின்விசிறியை எந்த வேகத்தில் வைப்பது என்பதில் எங்கள் வீட்டு மூன்று பேருக்கே ஒரு மனம் கிடையாது.

2

சலவை ஆலையில் நீராவி எப்போதும்... (வேண்டாம். நீராவி என்று எழுதினாலே எனக்குக் கண் சொக்குகிறது.)

மறுபடி. இஸ்திரிப் பகுதி அக்காவும் துவைக்கும் பகுதித் தங்கையும் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு ஒன்றை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறுகிறார்கள். அது மேகம்போல் எழும்பும்போது ஒருத்தி முகம் இன்னொருத்திக்குத் தெரியாது. பேச அதுதான் வசதி.

"நாம ஓட்டுப் போட்டு அனுப்பினவங்க, எட்டு மணி நேர வேலையப் பத்திச் சட்டசபையில ஒருநாளாவது வாயத் திறந்தாங்களா? நம்ம ஆளே போய் உட்காரணும்டி," என்றாள் அக்கா.

"சங்கம் நம்ம கையில இருக்குக்கா. கட்சின்னு ஆனா நம்ம கை அவங்ககிட்டப் போயிடும்."

சங்க ஓட்டெடுப்பில் கட்சி வேண்டும் என்றவர்கள் 611, வேண்டாம் என்றவர்கள் 589. மாநாட்டுக்குப் பிரதிநிதி அக்கா. அவளிடம் ஓர் அட்டை கொடுத்தார்கள்: 1,200.*

* சங்கத்துக்கு ஓர் அட்டை. அதைத் தூக்கினால் உறுப்பினர் அத்தனை பேரும் தூக்கியதாக அர்த்தம். பாதியாகக் கிழிக்க முடியாது. கட்சியின் பலமே அதுதான். எனக்குப் பயமும் அதுதான்.

3

(அக்கா அட்டையைத் தொலைத்துவிடுவதாக ஒரு முடிவு எழுதினேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அடித்துவிட்டேன்.)

மாநாட்டன்று காலை தங்கைதான் அவளுக்குப் பின்னல் போட்டுவிட்டாள்.

"தூக்குக்கா. ஜெயிச்சது ஜெயிச்சதுதான். ஆனா ஒருமனதான்னு மட்டும் எழுத விடாதே. நான் இல்லாமலே போயிடுவேன்."

4

மண்டபத்தில் பதினான்கு அட்டைகள் எழுந்தன. அக்கா தூக்கிய அதே நொடியில் அங்கே ஆலையிலும் ஆயிரத்துச் சொச்சம் கைகள் தாமாக எழுந்தன. (நடக்காது என்று எனக்கும் தெரியும். ஆனால் பார்த்தேன்.) தங்கை தன் கையை யாருடையதோ என்பதுபோல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைதட்டல். அட்டைகள் இறங்கின. அக்காவுடையது இறங்கவில்லை.

"இறக்குங்கம்மா, எண்ணியாச்சு," என்றார் தலைவர்.

"எங்கள்ல ஐநூத்தி எண்பத்தொன்பது பேர் வேண்டாம்னாங்க. அதையும் எழுதச் சொல்லுங்க."

"சங்கத்துக்குள்ள நடந்தத இங்க எழுதற வழக்கம் இல்லையே."

"கட்சி இப்பத்தானே பிறந்துச்சு? அதுக்குள்ள ஏதுங்க வழக்கம்?"

மண்டபம் சிரித்தது. பிறகு மெல்ல அடங்கி, குறிப்பெழுதுபவரைத் திரும்பிப் பார்த்தது. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

5

589 என்று எழுதினால், பிறந்த அன்றே பிளவு என்று முதலாளிகளின் பத்திரிகை கொண்டாடும். எழுதாவிட்டால் ஒரு தங்கை இல்லாமல் போவாள். என் தாளில் 'ஒருமனதாக' பாதி அடித்தபடி கிடக்கிறது, அடிக்கவும் மனமில்லை, விடவும் மனமில்லை.

பேனாவை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். யோசித்து எழுதுங்கள், ஆனால் ரொம்ப நேரம் யோசிக்காதீர்கள். அக்காவுக்குக் கை வலிக்கிறது.