பதினேழாம் பக்கம்

ஒன்பது பத்துக்கு ஆவூர் பஸ் இலுப்பூரை விட்டுக் கிளம்பியது. பழனிச்சாமி ஜன்னலோரம் உட்கார்ந்து மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டார். பைக்குள் ஒரே ஒரு புத்தகம். அட்டை போய்விட்டது. அதன் கடைசிப் பக்கத்தில் அவர் எழுதிய ஒரு கேள்வி முப்பத்தெட்டு வருடமாகப் பதிலில்லாமல் இருந்தது.

எண்பத்தேழில் அவர் மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுப்பவர். வயது இருபத்தைந்து. சாயங்காலமானால் கிளை நூலகம். அங்கே துப்பறியும் நாவல்களுக்கென்று ஓர் அலமாரி உண்டு. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் இங்கிலாந்தில் எழுதப்பட்டு, பிறகு எப்படியோ தமிழுக்கு வந்து, மட்டித்தாளில் அச்சான கதைகள். பனி பெய்து வழியடைத்த பங்களா, உள்ளே ஏழெட்டுப் பேர், தேநீரில் விஷம். பனியைக் கண்ணால் பார்த்திராத இலுப்பூர்க்காரர்கள் அந்தப் பங்களாவில் எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று சொல்லுவார்கள். தடயம் எதையும் ஆசிரியர் ஒளித்துவைப்பதில்லை. எல்லாம் கண்ணெதிரே கிடக்கும். நாம்தான் பார்த்திருக்க மாட்டோம். கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து ஒருவர் பேசத் தொடங்குவார். அவர் முடிக்கும்போது உலகத்தில் குழப்பம் என்று எதுவும் மிச்சம் இருக்காது. அதற்காகத்தான் பழனிச்சாமி படித்தார்.

விஷமமும் செய்தார். படித்து முடித்ததும் பதினேழாம் பக்கத்தில் பென்சிலால் கொலையாளி இன்னார் என்று எழுதிவைப்பார். எப்போதும் பொய்யாகத்தான் இருக்கும். தோட்டக்காரன் செய்திருந்தால் மருமகள் என்று எழுதுவார். நூலகர் நோட்டீஸ் ஒட்டினார். வாசகர்கள் சாபம் விட்டார்கள்.

ஒருநாள், மறுபடி கைக்கு வந்த ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பச்சை மையில் ஒரு வரி இருந்தது. ‘ஏமாறவில்லை. 62ஆம் பக்கத்தில் குடை நனையவில்லை.’ திருப்பிப் பார்த்தார். குடை நனையவில்லைதான். அவர் அதைக் கவனித்ததே இல்லை.

அதன்பிறகு அவர் எழுதியதெல்லாம் அந்த ஒருவருக்குத்தான். ஒன்றரை வருடம். இருபத்துமூன்று புத்தகங்கள். ஒன்றில்கூடப் பச்சை மை ஏமாறவில்லை.

யார் அது? பச்சை மை என்றால் கெஜட்டட் ஆபீசர். அதில் பழனிச்சாமிக்குச் சந்தேகமே இல்லை. ரீடிங் எடுக்கப் போன சாக்கில் ஹெட்மாஸ்டர் வீட்டு மேஜையை நோட்டம் விட்டார். மாட்டாஸ்பத்திரி டாக்டர் வீட்டு அலமாரியைப் பார்த்தார். பெரியாஸ்பத்திரி டாக்டர் வீட்டில் மீட்டரை இரண்டு தரம் படித்தார். யாரும் அகப்படவில்லை.

கடைசியில் பொறுக்க முடியாமல், ஒரு புத்தகத்தில், பச்சை மை எழுதும் இடத்திலேயே ‘நீங்கள் யார்?’ என்று எழுதினார். அந்தப் புத்தகத்தில் மட்டும் பதினேழாம் பக்கத்தில் பொய் சொல்லவில்லை. கேள்வி கேட்கிறவன் பொய் சொல்லக் கூடாது என்று தோன்றியது. கதையில் டாக்டர்தான் கொலையாளி. டாக்டர் என்றே எழுதினார்.

புத்தகம் போய்த் திரும்பி வந்தது. பதில் இல்லை. பிறகு எந்தப் புத்தகத்திலும் பச்சை மை இல்லை. அதிகப்பிரசங்கித்தனமாகக் கேட்டு ஓடவைத்துவிட்டோம் என்று முடிவுகட்டினார். அதோடு பென்சிலை விட்டார். நூலகம் பழைய புத்தகங்களைக் கழித்தபோது அந்த ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

போன மாதம் குடலிறக்க ஆபரேஷனுக்காகப் புதுக்கோட்டையில் படுத்திருந்தார். கால்மாட்டில் தொங்கிய சார்ட்டைப் பார்த்து, வயதான நர்ஸ் ஒருவர் குறைபட்டுக்கொண்டார். அந்தக் காலத்தில் காலை ட்யூட்டிக்கு நீல மை, மாலைக்குப் பச்சை, ராத்திரிக்குச் சிவப்பு. இப்போது எல்லாம் ஒரே பேனா. பழனிச்சாமி தையலை மறந்து எழுந்து உட்கார்ந்தார்.

அப்புறம் விசாரிப்பது கஷ்டமாக இல்லை. எண்பத்தேழில் இலுப்பூர் ஆஸ்பத்திரியில் மூன்று நர்ஸுகள். அதில் புத்தகப் பைத்தியம் ஒருவர்தான். அந்தோணிமேரி, ஆவூர்.

அந்தோணிமேரி கறுப்புக் கண்ணாடியோடு வாசலுக்கு வந்தார். கண்புரை ஆபரேஷன் ஆகி ஒரு வாரம். மின்வாரியத்தில் இருந்தவன் என்று பழனிச்சாமி தொடங்கியதும், மீட்டர் வெளிச்சுவரில் இருக்கிறது என்று கையைக் காட்டினார். கூடத்தில் நின்று விளக்குகிற துப்பறிவாளர் மாதிரி பஸ்ஸில் கோத்துவைத்த பேச்செல்லாம் பழனிச்சாமிக்குக் கலைந்துபோனது.

“சிஸ்டர், பதினேழாம் பக்கத்துல பென்சில்ல எழுதுனது நாந்தான்.”

அந்தோணிமேரி தோள் குலுங்கச் சிரித்தார்.

“அந்தப் படுபாவி நீங்கதானா? ஊசி போடுறப்பகூட ஒங்க பொய்ய எப்படிப் புடிக்கிறதுன்னுதான் ரோசனை. உள்ள வாங்க.”

காப்பி வந்தது. பழனிச்சாமி பெயரைச் சொல்லிப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் கேட்டது மனசைச் சங்கடப்படுத்திவிட்டதா என்று இழுத்தார். அப்படி ஒன்று எழுதியிருந்ததே தெரியாது என்றார் அந்தோணிமேரி. அந்தப் புத்தகத்தைப் பாதி படித்திருந்தபோது அறந்தாங்கிக்கு டிரான்ஸ்பர் வந்துவிட்டது. மறுநாளே சேர வேண்டும். ஆயாவிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டு பஸ் ஏறிவிட்டார். அப்புறம் வேலை பார்த்த ஊரிலெல்லாம் அந்தப் புத்தகத்தைத் தேடினாராம். கிடைக்கவில்லை.

பழனிச்சாமி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். அந்தோணிமேரி அந்தக் கடைசிப் பக்கத்துக்கு வந்து சேரவே இல்லை.

அந்தோணிமேரி புத்தகத்தைத் திறக்கவில்லை. இன்னும் பத்து நாள் எழுத்துப் பார்க்கக் கூடாதென்று சொல்லியிருந்தார்கள். அட்டையில்லாத முதல் தாளை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“நீங்க டாக்டர்னு எழுதியிருந்தீங்க. அதனால டாக்டர அன்னைக்கே விட்டுட்டேன். மத்த ஆறு பேரையும் இன்னிக்கு வரைக்கும் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கேன். யாரு சார் அது?”