புதைகாட்டுப் பேரேடு

ஜெயரட்ணம் அந்தப் பேரேட்டைப் பழைய சாரத்தில் சுற்றிக் கொடுத்தார். கொடுத்த பிறகும் கையை எடுக்க மனமில்லை.

"அங்கமுத்து, என்ர பாட்டா தோட்டத்தில கணக்கெழுதுற கிராணியா இருக்கேக்க எழுதினது. வேற எங்கயும் நிக்காமல் நேரே மகளின்ர வக்கீல் ஆபீசுக்குக் கொண்டு போம்."

"சரிங்கய்யா. டவுனுக்கு அர மணி நேரந்தான்."

தங்கா பத்துவில் இருந்த அவர் வீட்டுத் தகரப் பெட்டியில் பேரேடு அன்று காலையில்தான் கிடைத்தது. அங்கமுத்து குடியிருக்கும் தாடிக்காரத் தோட்டம் ஒரு காலத்தில் ஸ்காட்லாந்துத் துரை குடும்பத்துச் சொத்து. ஸ்காட்லாந்தில் இருந்த தங்கள் நிலத்துக்குக் கணக்கு வைத்த மாதிரியே இங்கேயும் வைத்தார்கள். வெட்டிய கால்வாய், பிறந்த கன்று, செத்த கூலி எல்லாம் ஒரே ஏட்டில். அதிலே 1921ஆம் வருசத்தில் ஒரு வரி: புதைகாடு கூலிகளுக்கு விடப்பட்டது, அங்கே மரம் நடக்கூடாது. ஜெயரட்ணம் அதை விரலால் தொட்டுத் தமிழில் சொன்னார்.

அந்தப் புதைகாட்டில்தான் அங்கமுத்துவின் மகள் கலைமகள் கிடக்கிறாள். பத்து பெரண்டாமில் இருந்த பேக்டரிக்குப் போன வேன் கவிழ்ந்து செத்தவள், பத்தொன்பது வயது. தோட்டத்தை வாங்கிய வீடமைப்புக் கம்பெனி வெள்ளிக்கிழமை மண்வாரியை இறக்கப் போகிறது. அன்று வியாழன்.

மோட்டார் சைக்கிள் மெயின் ரோட்டைப் பிடித்ததுமே பின்னால் கறுப்பு ஹைலக்ஸ் பிக்கப் ஒட்டிக்கொண்டது. கம்பெனிக்கு அடியாள் வேலை பார்க்கும் யுகேந்திரனின் வண்டி. அங்கமுத்துவின் லயத்து வரிசை வீட்டிலேயே வளர்ந்த பயல்; பேரேடு கிடைத்த சேதி அவனுக்கும் எட்டியிருந்தது. அங்கமுத்து சட்டென்று செம்பனைக் காட்டுக்குள் வண்டியைத் திருப்பினான். பாதை நடுவில் குலைகள் குவிந்து கிடந்தன. இனி ஓட வழியில்லை. பேரேட்டைப் பிரித்தான். ஜெயரட்ணம் விரல் வைத்த பக்கம் கண்ணில் பட்டது. அதைக் கிழித்து மடித்து ஜட்டிக்குள் திணித்தான்.

"மாமா! எங்க இவ்ளோ அவசரமா? பசார மூடிடுவாங்களா?" யுகேந்திரன் சிரித்துக்கொண்டே இறங்கினான். கூட இரண்டு பேர்.

"போடா நாயே."

முதல் அடி காதில் விழுந்தது. இரண்டாவது கட்டையால், முட்டியில். விழுந்தவன் வயிற்றில் பூட்சுக் கால்கள் மாறி மாறி இறங்கின. பல் ஒன்று ரத்தத்தோடு சேர்ந்து வந்தது. அங்கமுத்து பேரேட்டைக் கட்டிப் பிடித்திருந்தான். சுண்டுவிரலை ஒடித்தார்கள். அப்புறம்தான் விட்டான்.

"ஒரு பழைய புக்குக்கு உயிர விடுவியா மாமா? பைத்தியமா லா நீ?"

லைட்டர் எண்ணெய் ஊற்றி அங்கேயே கொளுத்தினார்கள். நூறு வருசக் காகிதம் ஓலை மாதிரி எரிந்தது. அங்கமுத்து மண்ணில் முகம் புதைத்து உள்ளுக்குள் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு வக்கீல் ஆபீசு வரைக்கும்தான். ஜெயரட்ணத்தின் மகள் வதனா தாளை விரித்து வைத்து, பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள்.

"அங்கிள், இந்தக் கணக்கு ரெண்டு பக்கமா ஓடும். இடது பக்கத்துல விசயம். வலது பக்கத்துல எத்தன ஏக்கர், எது எல்லை, துரையோட கையெழுத்து. நீங்க இடது பக்கத்த மட்டும் கிழிச்சிருக்கீங்க."

கூலியாட்களின் வருகைப் பதிவான செக்ரோலில் பேர் இடது பக்கம்தான் இருக்கும். பேர் இருந்தால் ஆள் உண்டு. அங்கமுத்துவுக்குத் தெரிந்த ஏடு அது ஒன்றுதான்.

"இது பத்தாதாம்மா?"

"கையெழுத்து இல்லாத பாதித் தாள். யாரு வேணா எழுதலாம்னு அவங்க வக்கீல் சொல்லிடுவான். ஒரு போட்டோ கூடவா எடுக்கல?" குரல் உயர்ந்தது. பிறகு தணிந்து சொன்னாள்: "அப்பாகிட்ட இப்பத்தான் பேசினேன். அவரோட தாத்தா எந்த ஏட்டையும் ரெண்டு படியா எழுதுவாராம். ஒண்ணு வருசக் கடைசியில ஸ்காட்லாந்துக்குக் கப்பல்ல போகும். அந்தக் குடும்பத்துக் கணக்கெல்லாம் அங்க காப்பகத்துல பத்திரமா இருக்கு. முத்திர வச்ச பிரதி வர ரெண்டு வாரமாகும்."

"மிசினு நாளைக்கு வருது."

"போலீஸ் ரிப்போர்ட் பண்ணியாச்சு. அத வச்சு மிசின நிறுத்த முடியாது அங்கிள்."

அங்கமுத்து ஒடிந்த விரலைப் பார்த்தான். இருபது வருசம் லாரி ஓட்டியவன். கூட்டாளி தங்கையாவின் லாரி ஒருத்தன் மேல் ஏறியபோது, வண்டியை ஸ்டேசனில் நிறுத்தி ஐந்து மாதம் விடவில்லை. ரத்தம் பட்ட வண்டி கேஸ் வண்டி. முதலாளி தலைகீழாக நின்றாலும் கிடைக்காது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மண்வாரி வந்தது. முதல் வரிசைச் சமாதிகளின் சிமெண்டுச் சிலுவையும் சூலமும் அதன் பல்லுக்கு நேரே நின்றன. குலை வெட்டும் அரிவாளோடு அங்கமுத்து நொண்டிக்கொண்டே ஓடி வந்தான். ஓட்டுநர் இந்தோனேசியாக்காரன். அரிவாளைப் பார்த்ததும் குதித்து ஓடிவிட்டான். எண்ணெய்க் குழாயில் இரண்டே வெட்டு. சூடான எண்ணெய் பீறிட்டு அங்கமுத்துவின் கையைப் பொசுக்கியது. இரும்புக் கை தொய்ந்து மண்ணில் குத்தி நின்றது.

"ஒன்ன இங்கயே பொதைக்கிறேன் பாரு!" யுகேந்திரன் இரும்புக் கம்பியோடு பாய்ந்தான்.

"வாடா! அடிடா!"

அங்கமுத்து அரிவாளைத் தூர எறிந்துவிட்டு இயந்திரத்தின் சங்கிலிப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கம்பி தோளில் விழுந்தது. தலையில் விழுந்தது. பிடியை விடவில்லை. ஒரு தடவை எக்கி யுகேந்திரனின் சட்டையைப் பிடித்து, நெற்றியால் மூக்கில் மோதினான். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. இருவரும் பட்டையின் மேலேயே சரிந்தார்கள். லயத்துப் பெண்கள் கூச்சலிட்டு ஓடி வந்தார்கள். அவர்களில் ஜெயமணியக்கா போலீசுக்குப் போன் போட்டாள்.

போலீஸ்காரர் வந்து குனிந்து பார்த்தார். பட்டை முழுக்க ரத்தம். சங்கிலிப் பல் இடுக்கில் கூட.

"டாரா சியாப்பா இனி?" யார் ரத்தம் என்று மலாயில் கேட்டார்.

"ரெண்டு பேரோடதும் துவான்," என்றான் அங்கமுத்து. ஒரு கண் மூடியிருந்தது. "நல்லா எழுதிக்குங்க. மிசின் மேலதான் அடிச்சான்."

அவனுக்கும் விலங்கு மாட்டினார்கள். ஆம்புலன்சில் ஏற்றும்போது தலையைத் திருப்பிப் பார்த்தான். இன்னொரு போலீஸ்காரர் மஞ்சள் நாடாவை மண்வாரியைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். முனையைக் கட்ட வேறு கம்பம் இல்லை. நாடாவைக் கடைசிச் சமாதி வரைக்கும் இழுத்துக் கொண்டுபோய், ஒரு சூலத்தில் முடிச்சுப் போட்டார்.