கடிகாரம் பார்த்தால் கை ஓடாது

ஜாக்கிக்கு இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. பிரஸ் மெஷின் எடுத்துக்கொண்டது. எட்டு மாதமாக வீட்டில் உட்கார்ந்து மனைவியின் சமையலுக்கு மேற்பார்வை பார்த்ததில், மெஷின் மேல் அவளுக்கு இருந்த கோபம் மெல்ல இவர் மேல் திரும்பிவிட்டது.

இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள், தொழில் திறன் மதிப்பீட்டு மையத்துக்கு. அரை மணியில் எண்பது போல்ட்டுக்கு நட்டு மாட்டினால் பஸ் பணிமனையில் உதிரிபாக அறை வேலை. இல்லையென்றால் கவர் ஒட்டும் பிரிவு. பசை வாளி என்றாலே ஜாக்கிக்கு ஆகாது.

“ஆரம்பிங்கண்ணே,” என்று மதிப்பீடு செய்யும் மேடம் ஸ்டாப்வாட்சை அழுத்தினார்.

அந்த ‘டிக்’தான் கெடுத்தது. கம்பெனியில் எவனாவது கடிகாரத்தோடு பக்கத்தில் வந்து நின்றால் எல்லார் கையும் தானாக மெதுவாகும். வேகம் காட்டினால் மறுநாள் அதுவே அத்தனை பேருக்கும் தினசரிக் கணக்காகிவிடும். காட்டினவனை மற்றவர்கள் சும்மா விடமாட்டார்கள். இருபது வருஷப் பழக்கம். ஜாக்கி போல்ட்டை முழங்கால்களுக்கு நடுவே செருகினார். நட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஊதினார். சட்டையில் துடைத்தார். மறுபடி ஊதினார்.

“ஏங்க, நட்டு மாட்டச் சொன்னா பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கீங்க?” என்றாள் மனைவி.

அரை மணியில் முப்பத்தொன்பது.

“கவர் பிரிவுதாண்ணே,” மேடம் ஃபாரம் எடுக்க வெளியே போனார்.

தட்டில் நாற்பத்தொரு போல்ட் மொட்டையாகக் கிடந்தன. பாதி வேலையைப் போட்டுவிட்டு எழுந்தும் ஜாக்கிக்குப் பழக்கமில்லை. முழங்கால் பிடிக்க, கட்டைவிரல் சுண்ட, நட்டு பம்பரமாய்ச் சுற்றி இறங்கியது. ஏழே நிமிஷம். செருப்புச் சத்தம் கேட்டதும் பதறிப்போய் மாட்டியதைக் கழற்ற ஆரம்பித்தார்.

“எதுக்குக் கழட்டுறீங்க?” என்றாள் மனைவி.

“சும்மா இரு. பாத்தா கணக்கை ஏத்திருவாங்க.”

“யாருக்கு ஏத்துவாங்க? இங்க இருக்கிறதே நீங்க ஒரு ஆளு.”

ஜாக்கி சுற்றிப் பார்த்தார். வாஸ்தவம்தான். வாசலில் மேடம் வாயைப் பிளந்து நின்றார்.

மூவருமாக எண்பதையும் கழற்றினார்கள். ஸ்டாப்வாட்ச் மனைவியின் கைப்பைக்குள் போனது. மேடம் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பதினாலு நிமிஷத்தில் தட்டு நிறைந்தது.

‘உதிரிபாக அறை’ என்று எழுதினார் மேடம். தேவைப்படும் வசதிகள் என்ற கட்டத்தில்: ‘கடிகாரத்தோடு யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது.’

“மேடம், அறுபதுன்னு போட்டுக்கலாமே,” ஜாக்கி குரலைத் தாழ்த்தினார். “அங்க இருக்கிறவங்க அடிக்க வருவாங்க.”

“எண்பதே எழுதுங்க மேடம்,” என்றாள் மனைவி. “அடிச்சா நான் பாத்துக்கறேன்.”