இருபத்தெட்டில் ஒட்டிய டேப்

நானூற்றுப் பதினாறு மணி நேரம். பதினொரு மாதத்தில் நான் அயனிக் கற்றையை ஓடவிட்ட கணக்கு அது. நாற்பத்து மூன்று தகடுகள். ஒவ்வொன்றின் உறையிலும் 'சிலிக்கான் படலம்' என்று என் கையெழுத்து. தகடும் சிலிக்கான், படிவதும் சிலிக்கான் என்பதால் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

மூலத்தில் ஆவியாகும் சிலிக்கான், அயனிகளாகிக் குறைந்த ஆற்றலில் வெளியே வரும். காந்தம் அவற்றை வளைக்கும். லேசானவை அதிகம் வளையும், கனமானவை குறைவாக. காந்தத்தின் குமிழைத் திருப்பி, வேண்டிய நிறையை மட்டும் ஒரு பிளவு வழியே தகட்டுக்கு அனுப்பலாம். சிலிக்கானுக்கு இருபத்தெட்டு. அங்கே குமிழை நிறுத்தி, டேப் ஒட்டித் தந்தவள் அக்கா. உடன்பிறந்தவள் அல்ல, இதே கருவியில் ஆய்வு முடித்துப் பட்டம் வாங்கி, இங்கேயே வேலையில் சேர்ந்தவள். ஆய்வுக்கு வந்த பத்துப் பேரில் என்னை எடுக்கச் சொன்னதும் அவள்தான்.

"பூச்சி, உயிரே போனாலும் இதத் தொடாத."

வாயில்லாப் பூச்சி என்பதன் சுருக்கம் அது. நான் தொடவில்லை.

இன்று காலை காந்தத்தின் மின்பெட்டி பழுதாகி, டெக்னீஷியன் வேறு பெட்டி வைத்தார். டேப் ஒட்டிய குமிழும் பழைய பெட்டியோடு போயிற்று. "இருபத்தெட்ட நீயே தேடிப் பிடிச்சுக்கம்மா" என்று போய்விட்டார்.

புதுக் குமிழைத் திருப்பினேன். இருபத்தெட்டில், கற்றையை அளக்கும் மீட்டரின் முள் எழும்பியது. சிலிக்கானில் இருபத்தெட்டு மட்டும் தனியாக வராது. நூறு அணுவில் ஐந்து இருபத்தொன்பதாகவும் மூன்று முப்பதாகவும் கூடவே வரும். முப்பதில் முள் அசையவில்லை. பதினான்கில் அசைந்தது. அது நைட்ரஜனின் இடம். நைட்ரஜன் இரண்டு சேர்ந்தால் இருபத்தெட்டு.

தகடு இருக்கும் வெற்றிடக் கலனைத் திறக்கும்போது அதில் நிரப்புகிற நைட்ரஜன் சிலிண்டரை இறுக மூடினேன். சில நிமிடத்தில் இருபத்தெட்டில் முள் விழுந்துவிட்டது. பதினொரு மாதமாக நான் தகட்டுக்கு அனுப்பியது சிலிக்கானே இல்லை.

நாளை மறுநாள் கருத்தரங்கு. துறை முழுவதும் உட்கார்ந்திருக்க, என் படலங்களைப் பற்றி நான் பேச வேண்டும். அக்காவின் அறைக்குப் போனேன்.

"அக்கா, முப்பதுல ஒண்ணுமே இல்ல."

"அடடா, பூச்சிக்குப் பேச்செல்லாம் வருதே!"

"சிலிண்டர மூடினேன். இருபத்தெட்டு விழுந்துடுச்சு."

அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். "யார்கிட்டயாவது சொன்னியா?"

எப்படி என்று கேட்கவில்லை. முதலில் இதைத்தான் கேட்டாள்.

"இன்னும் இல்ல. நான் எல்லார் முன்னாடியும் நிக்கணும்க்கா."

"நின்னா என்ன? யாரும் கேக்க மாட்டாங்கடி. என்னைய யாராவது கேட்டாங்களா?"

அலமாரியில் அவளுடைய ஆய்வேடு, தங்க எழுத்துகளோடு. என்னை எடுக்கச் சொன்னது என் மதிப்பெண்ணுக்காக என்று நினைத்திருந்தேன்.

"டேப் எதுக்கு ஒட்டினீங்க?"

"குமிழ் நகந்துடக் கூடாதுன்னு."

"அக்கா."

அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் நகரவில்லை.

"நீ திருப்பிப் பாத்துடக் கூடாதுன்னு" என்றாள். "அது நைட்ரஜன்னு எனக்கு அப்பவே தெரியும்."