பேட்டு யாரு கையில

"ஒரு எடத்துல குந்துடி செந்தாமர. புருஷன் தலமாட்ட விட்டுட்டு எங்க ஓடிக்கினே கீற?"

காந்திமதி கையப் புடிச்சு இழுத்ததுல செந்தாமரைக்கு முந்தானை தோள்லேந்து எறங்கிடுச்சு. அத இடுப்புல சொருவிக்கினு மறுபடியும் எழுந்துட்டா.

காலையில ஆம்புலன்ஸ்ல டில்லிபாபுவக் கொண்டாந்து ஐஸ் பொட்டியில வெச்சதுலேந்து இப்படித்தான். குந்தறா, எழுந்துக்கறா. அடுப்பங்கரைக்குப் போயி காலிக் கொடத்த எட்டிப் பாக்கறா. வாசல்ல பந்தக்கால் ஆடுதான்னு பாக்கறா. எங்க சுத்தினாலும் கடைசில உள்ரூம் கதவாண்ட வந்து நின்னுடறா. கதவுக்கு அந்தாண்ட தாப்பா போட்டுக்கினு குந்தியிருக்கறது கவிப்பிரியா. பதினொண்ணாவது படிக்கிற ஒரே பொண்ணு. அப்பன் வந்து எறங்கினதுலேந்து வெளிய வரல. ஒரு சொட்டு அழுவல.

"பெத்தவன் கெடக்கறான், இது கதவ சாத்திக்கினு கீது," வந்தவங்க கிட்ட ஒருத்தர் விடாம காந்திமதி சொல்லிக்கினு இருந்தா. டில்லிபாபுவுக்கு அக்கா. வாலாஜாபாத்துக்கு வாக்கப்பட்டுப் போனவ, வாய் கொஞ்சம் நீளம். "எல்லாம் அந்த தண்டலத்துக்காரி பண்ண வேல. குடும்பத்தோட போயி கவுன்சிலிங் எடுத்தாங்களாம். நல்லா இருந்த வூட்டக் கொண்டுபோயி பைத்தியத்துக்குப் பாக்கறவ கிட்ட காட்டினா வேற இன்னா ஆவும்?"

நல்லா இருந்த வூடாம். செந்தாமரை ஊதுவத்தி சாம்பல கையால வழிச்சு எடுத்துக்கினு போயி வெளிய கொட்டினா.

வாசல்லேந்து டில்லிபாபுவோட தம்பி எல்லப்பன் வந்தான். "அண்ணி, இன்னைக்கு வியாழக்கெழம. ஒண்ணரைக்கு ராகு காலம் பொறந்துடும். அதுக்கு முன்ன எடுத்தாவணும். பாப்பாவ வரச் சொல்லுங்க, வாய்க்கரிசி போடணும் இல்ல."

"சொல்றேம்பா."

சொல்றேன்னுட்டா. இன்னான்னு சொல்றது?

போன வருஷம் வரைக்கும் இந்த வூட்ல அப்பனும் பொண்ணும் மூஞ்சி பாத்துப் பேசனதில்ல. பொண்ணு போனே கதின்னு கெடக்குதுன்னு அவன் அத துணி தொவைக்கற கல்லு மேல போட்டு ஒடச்சான். அதுலேந்து "உங்கப்பாவ இன்னா வேணும்னு கேளு", "உம் பொண்ண பொழுதோட வூட்டுக்கு வரச் சொல்லு", அவ்ளோதான் பேச்சு. நடுவுல நின்னு சேதி எடுத்துக்கினு போறது செந்தாமரை. அதையும் அப்படியே எடுத்துக்கினு போவாளா? காரத்த வடிச்சிட்டு சக்கரையப் போட்டுத்தான் குடுப்பா. "அந்தக் கழுத உருப்படாது"ன்னு அவன் சொன்னா, இவ உள்ள வந்து, "அப்பா உன்ன நெனச்சு ரொம்ப கவலப்படறாரும்மா"ம்பா. நல்லதுக்குன்னு தான் செஞ்சா. போகப் போக அவன் நெசமா இன்னா நெனைக்கிறான்னு பொண்ணுக்குத் தெரியல, பொண்ணு இன்னா நெனைக்குதுன்னு அவனுக்கும் தெரியல.

கவி சோறு தண்ணி எறங்காம ஸ்கூல்ல மயங்கி விழுந்தப்ப, டீச்சரம்மா தான் தண்டலத்துல கவுன்சிலிங் குடுக்கற ஜாஸ்மின் மேடம் கிட்ட அனுப்பினாங்க. மூணு பேரும் சேந்து வரணும்னாங்க மேடம். "எனக்கு இன்னா வந்துச்சு?"ன்னு குதிச்சான் டில்லிபாபு. ஆனா சனிக்கெழம ஓ.டி.ய விட்டுட்டு, இஸ்திரி போட்ட சட்டையோட பஸ் ஏறிட்டான்.

மேடம் அவனையும் திட்டல, பொண்ணையும் திட்டல. மொதல்ல வேல குடுத்தது செந்தாமரைக்குத்தான். "நீங்க இனிமே யார் சேதியையும் எடுத்துட்டுப் போகக் கூடாதும்மா. அவங்கவங்க வாயால அவங்கவங்க சொல்லட்டும்."

அப்புறம் ஒரு பழக்கம் சொல்லிக் குடுத்தாங்க. வூட்ல மூணு பேரும் குந்தி, ஏதாச்சும் ஒரு பொருள வெச்சுக்கணும். அது யாரு கையில கீதோ அவங்க தான் பேசணும். மத்தவங்க கம்முனு கேக்கணும். முடிஞ்சதும் 'அவ்ளோதான்'னு சொல்லி அடுத்தவங்க கிட்ட குடுத்துடணும்.

அன்னைக்கு சாயந்தரம் கைக்கு எட்டினது கொசு பேட்டு. ஏரிக்கரை வூடு, அது இல்லாம குந்தவே முடியாது. மொத முறை டில்லிபாபுவுக்கு. பேட்ட மடியில வெச்சுக்கினு முழிச்சான், தொண்டையக் கனைச்சான், ரெண்டு கொசுவ பட்டு பட்டுன்னு அடிச்சான். "அவ்ளோதான்"னு பொண்ணு கையில குடுத்துட்டான். கவிக்கு சிரிப்பு வந்துடுச்சு. வாயப் பொத்திக்கினு சிரிச்சா. அந்த வூட்ல அந்த சத்தம் கேட்டே ரொம்ப நாளாயிருந்துச்சு.

மெள்ள மெள்ள பேச்சு வந்துச்சு. குடோன்ல போர்க்லிப்ட் ஓட்டறப்ப, நேத்து வேலைக்கு வந்த பசங்க முன்னாடி சூப்பர்வைசர் தன்ன திட்டினத அவன் ஒரு நாளு சொன்னான். அன்னைக்கு கவி தானே எழுந்து போயி அவனுக்குத் தட்டு வெச்சா. தனக்கு கணக்கு ஏறல, அந்த குரூப்பே வேணாம்னு அவ சொன்னப்ப, அவன் கழுத்து நரம்பு பொடச்சுக்கிச்சு. ஆனா பேட்டு கைக்கு வர்ற வரைக்கும் வாயத் தொறக்கல.

நேத்து கவிக்கு ஸ்கூல் லீவு, மத்தியானமே குந்தினாங்க. பேட்டு கவி கையில. தலைய குனிஞ்சுக்கினு சொன்னா: "நீ செகண்ட் ஷிப்ட் போற வாரம் தாம்பா எனக்குப் புடிக்கும். நீ இல்லன்னா வூடு நிம்மதியா கீது. அவ்ளோதான்."

டில்லிபாபு பேட்ட வாங்கிக்கினான். அவளையே பாத்தான். வாயத் தொறந்தான். அந்த நேரம் பாத்து தெருமுனையில கம்பெனி பஸ்ஸு ஆரன் அடிச்சிடுச்சு. பேட்ட ப்ரிட்ஜ் மேல வெச்சிட்டு, செருப்ப மாட்டிக்கினே, "வந்து சொல்றேன்"ன்னான்.

டீ பிரேக்ல டம்ளரக் கையில எடுத்தவன் அப்படியே சாஞ்சுட்டானாம்.

செந்தாமரை கதவத் தட்டினா. "கவி, நான் தாம்மா."

தாப்பா வெலகிச்சு. பொண்ணு கதவுக்குப் பின்னாடியே தரையில குந்தியிருந்தா. ஒதட்ட கடிச்சு கடிச்சு ரத்தம் கட்டியிருந்துச்சு.

"ம்மா. அப்பா இன்னா சொல்லியிருப்பாரு?"

செந்தாமரைக்கு நாக்கு நுனிக்கு வந்துடுச்சு. 'கோவமே இல்லடி. படி எறங்கறப்ப சிரிச்சுக்கினே தான் போனாரு.' ஒரே ஒரு வரி. இத்தினி வருஷம் சொன்ன மாதிரி. சொன்னா போதும், கொழந்த இப்பவே எழுந்து வந்துடும். வெளிய மோளம் மண்டையப் பொளக்குது. எல்லப்பன் "அண்ணி, நேரமாவுது"ங்கறான். காந்திமதி மொறத்துல அரிசியக் கொட்டற சத்தம் கேக்குது.

"எனக்குத் தெரியாதும்மா. எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

கவி நிமிந்து பாத்தா. "நெசமா?"

"நெசமா."

"நீ எப்பவும் ஏதாச்சும் சொல்லுவியே."

"இப்ப என் கிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

கவி ஒதட்டப் பொறங்கையால தொடச்சுக்கினா. "அது அப்பா முறைம்மா."

"ஆமா."

எழுந்தா. கூட்டத்த வெலக்கிக்கினு நேரா ப்ரிட்ஜாண்ட போனா.

எல்லப்பனும் இன்னொருத்தரும் ஐஸ் பொட்டி மூடியத் தூக்கிப் புடிச்சிருந்தாங்க. காந்திமதி ஒரு கை அரிசிய நீட்டினா, பொண்ணு கையில இருந்தத அப்பத்தான் பாத்தா. "கொசு பேட்டு எதுக்குடி? ஐஸ் பொட்டிக்குள்ள எங்கேந்து கொசு வரும்? அத வெச்சிட்டு அரிசிய வாங்கு."

கவி காதுலயே போட்டுக்கல. டில்லிபாபுவோட ரெண்டு கட்டவெரலையும் வெள்ளத் துணியால கட்டியிருந்தாங்க. மத்த வெரலுக்கு அடியில பேட்டோட பிடியத் தள்ளி, சுவிட்ச போட்டு, ஜில்லுன்னு இருந்த கைய ஒரு தரம் அமுக்கி விட்டா.

"இன்னா கூத்து இது?" காந்திமதி பேட்டப் புடுங்கக் கை நீட்டினா. செந்தாமரை அந்தக் கையப் புடிச்சுக்கினா.

"இருங்கக்கா. அவரு பேசற முறை."

"பொணம் இன்னாடி பேசும்?"

செந்தாமரை வாசலுக்குப் போயி மோளக்காரங்களப் பாத்து கையக் காட்டினா. மோளம் நின்னுச்சு. திரும்பி வந்து, புருஷன் தலமாட்டுல, பொண்ணு பக்கத்துல குந்தினா. அதுக்கப்புறம் எழுந்துக்கல.

யாருதோ போனு அடிச்சுது, அமுக்கிட்டாங்க. எல்லப்பன் வாட்ச்சப் பாத்தான், ஏதோ சொல்ல வந்தான், அண்ணன் கையப் பாத்துட்டு விட்டுட்டான். காந்திமதி மூடின கைக்குள்ள அரிசியோட நின்னுக்கினே இருந்தா. பொட்டியோட மோட்டார் சத்தம் மட்டும் கேட்டுச்சு.

தெருமுனையில செகண்ட் ஷிப்ட் பஸ்ஸு ஆரன் அடிச்சுது. புது டிரைவரு போல, யாரும் அவனுக்கு சொல்லல. இன்னொரு தரம் அடிச்சுப் பாத்தான். கொஞ்சம் நின்னுட்டு, பஸ்ஸு கெளம்பிப் போயிடுச்சு.

பேட்டுல அந்த சின்ன செவப்பு லைட்டு எரிஞ்சுக்கினு இருந்துச்சு.