பேசாமல் பறிக்கும் தழை

சந்துவின் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டால் அவன் பசுவோடு பேசுகிறான் என்று அர்த்தம். கல்யாணம் கூடிவராத கட்டை. அம்மாவும் போய் நாலு வருஷம் ஆகிறது. மழையைத் திட்டுவது, கஞ்சியில் உப்பில்லை என்று அலுத்துக்கொள்வது எல்லாம் செம்பியிடம்தான். அந்தச் செம்பி இன்று விடியற்காலையில் கன்று போட்டது. வெயில் சாயத் தொடங்கியும் நஞ்சுக்கொடி விழவில்லை.

மானந்தவாடிக்குப் போன் போட்டால் மாட்டு டாக்டர் நாளைக்குத்தான் வருவாராம். போன மழையில் இப்படி நஞ்சு தங்கித்தான் பக்கத்து மேட்டில் ஒரு பசு செத்தது. மூங்கில் தழை கொடுத்தால் விழுந்துவிடும் என்பது வயநாட்டில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். தழைக்கு எங்கே போவது? காட்டு மூங்கில் மொத்தமும் இந்த வருஷம் பூத்துக் காய்ந்துவிட்டது. பச்சையாக மிஞ்சிய ஒரே புதர் ஓடைக்கு அந்தப் பக்கம், தங்கச்சி தேயியின் வேலியோரம் இருந்தது. அம்மாவின் சாவன்று அத்தனை பேர் முன்னாலும் அவனைத் திட்டிவிட்டுப் போனவள் தேயி. அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

மருந்துக்குப் பறித்தால் பசுவின் வாயில் கொடுக்கும்வரை பறித்தவர் பேசக்கூடாது. பேசினால் தழை வெறும் தழை. பேசிவிட்டவரின் கை மறுநாள்வரை புதரைத் தொடவும் கூடாது. பொழுது சாய்ந்துவிட்டால் யாருமே பறிக்கக்கூடாது. பேசாமலிருப்பது நமக்கென்ன புதுசா என்று எண்ணிக்கொண்டே சந்து ஓடையைக் கடந்தான்.

ஒரு கட்டு பறித்துவிட்டுத் திரும்பினால் தேயி நிற்கிறாள்.

"யாரு, அண்ணனா? திருடன் மாதிரி வந்து நிக்கிற. வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவன் தழையைத் தூக்கிக் காட்டினான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஓ, செம்பி ஈன்னுடுச்சா! அப்ப நீ பேச முடியாது. நல்லதாப் போச்சு, நான் பேசுறேன். அம்மா படுத்துக் கிடந்தப்ப எனக்கு ஏன் சொல்லல? ஓடை பெருகிடுச்சாம். பெருகினா கரையில நின்னு கூவுறதுக்கு என்ன கேடு?"

சந்து தலையைக் குனிந்துகொண்டான். அவள் குரல் இறங்கியது.

"நான் கேக்க நெனச்சது அது இல்ல. அம்மா கடைசில என்னயத் தேடினாளா? இல்லன்னு சொல்லிடுவியோன்னு பயந்துதான் உன் வாசல மிதிக்கல. இன்னைக்கு உன்னால பதில் சொல்ல முடியாது. அதான் கேட்டேன். போ, பசு பாவம்."

சந்து ஓடைவரை நடந்தான். சூரியன் மலைமேல் உட்கார்ந்திருந்தது. செம்பியும் போய்விட்டால் அந்த வீட்டில் அவன் குரலைக் கேட்க ஓர் உயிர் கிடையாது. ஆனாலும் திரும்பி வந்தான்.

"உன் பேரத்தான்டி சொன்னா. தேயி வந்தாளா, தேயி வந்தாளான்னு மூச்சு நிக்கிற வரைக்கும் அதுதான். நானும் கரையில நின்னு தொண்டை கட்டக் கூவினேன். மழையில உனக்குக் கேக்கல. நீ திட்டினதும் எனக்கு ரோஷம், சொல்லாம இருந்துட்டேன்."

தழை கையிலிருந்து நழுவியது. தேயி அழ வாயெடுத்தாள். மலையைப் பார்த்தாள். சூரியன் இன்னும் முழுதாக இறங்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு புதருக்கு ஓடினாள்.

புதிதாகப் பறித்த தழையோடு அவள் முன்னால் போக, சந்து பின்னால் போனான். வழி நெடுக அவன்தான் பேசினான். அம்மா குடித்த கடைசிக் கஞ்சியைப் பற்றிக்கூடச் சொன்னான். தொழுவத்தில் செம்பி தழையைக் கடித்து இழுத்ததும் தேயி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு நஞ்சுக்கொடி விழுந்தது.

"சீம்பால்ல எனக்குப் பங்கு உண்டு," என்றாள் தேயி, கை கழுவியபடி. "நாளைக்கு நீயே கொண்டு வா. வேலியில வெச்சுட்டு ஓடிடாத."

அவள் போனதும் வீடு பழையபடி ஆனது. சந்து செம்பியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, நாளைக்குத் தேயியிடம் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டான்.